முதலில் ஒரு திரைச்சீலை

(ஒட்டன்சத்திரத்தில் ஒரு வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நோட்டீசில் எனக்குப் போட்டிருக்கும் தலைப்பு ‘இலக்கியத்தில் தாய்மை’. விடிய விடியப் பேசலாம். தாயைப் பாடாத தமிழ்ப் புலவன் யார்? ஆனால் ஒன்று கேட்கிறேன். தாயை இத்தனை பாடிய நாம், அந்தத் தாய்க்கு வரும் நோயைப் பற்றி மைக் முன்னால் பேச மட்டும் ஏன் கூசுகிறோம்? நான் இன்றைக்குக் கூசப் போவதில்லை. மார்பகப் புற்றுநோயைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கேட்கச் சங்கடமாக இருக்கிறவர்கள் எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஒருவரும் எழவில்லை. ஒட்டன்சத்திரம் ஒட்டன்சத்திரம்தான்!

கணக்கைக் கேளுங்கள். 2022ஆம் ஆண்டு, அந்த ஒரே ஆண்டில், இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் கிட்டத்தட்ட 1,92,000 பேர். அதே ஆண்டில் இந்த நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் 98,000 பேர். இந்த நாட்டில் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்க வைக்கக்கூடிய நோய் இது. முதல் நிலையில் வந்துவிட்டால் பத்தில் ஒன்பது பேரைக் காப்பாற்றிவிடுகிற நாடுகள் உலகத்தில் இருக்கின்றன. நம் பெண்கள் வருவது எப்போது? கட்டி உடைந்து புண்ணான பிறகு, அக்குளில் நெறி கட்டிய பிறகு, கை வீங்கிய பிறகு.

இன்னொரு கணக்கு. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களிடம் கேட்டார்கள்: வாழ்நாளில் ஒரு தடவையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டதுண்டா? இந்தியா முழுக்க நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. அகில இந்தியாவைவிட நாம் மேல் என்று இதில் சந்தோஷப்பட முடியுமா? மீதி தொண்ணூற்று நாலு பேர் யார்? உங்கள் அக்கா, உங்கள் மனைவி, இந்த வலப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்கள்!

ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் எந்த மேடையிலும் ஒரே பதில்தான். “கிராமத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை.” நான் இதை ஏற்க மாட்டேன். இந்த ஒரு சொல்லால் எத்தனை பேர் தங்கள் குற்றத்தை மூடிக்கொள்கிறார்கள் தெரியுமா?

ஒரு முகாமுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். ஊர் பேர் வேண்டாம். நடத்தியவர்கள் பேரும் வேண்டாம். பள்ளிக்கூட வளாகம். வாசலில் பந்தல். பந்தலுக்கு முன்னால் வானத்தை மறைத்து ஒரு ஃபிளெக்ஸ். பெண்களுக்கான முகாம், ஃபிளெக்ஸில் இருந்த முகம் அத்தனையும் மீசை வைத்த முகம்! மேடை உண்டு, மைக்செட் உண்டு, சால்வை உண்டு, கேசரி உண்டு. “பரிசோதனை எங்கய்யா?” என்றேன். ஐந்தாம் வகுப்பு அறையைக் காட்டினார்கள். ஜன்னலுக்குக் கதவு கிடையாது. திரை கிடையாது. கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறோம் என்று வாசலை அடைத்துக்கொண்டு நாலு இளவட்டங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெண்கள் வந்தார்களா, வரவில்லையா? வந்தார்கள்! அன்றைய கூலியை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த அறையை எட்டிப் பார்த்தார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்கள். மறுநாள் பேப்பரில் செய்தி: ‘முகாமில் 400 பெண்கள் பயனடைந்தனர்.’

வயிறு எரிகிறது ஐயா! ஃபிளெக்ஸ் அடிக்கப் பணம் இருந்தது, ஒரு திரைச்சீலை வாங்கப் பணம் இல்லையா? “அந்த ஃபிளெக்ஸையே அவிழ்த்து ஜன்னலில் கட்டுங்கள், பெண்கள் உள்ளே வருவார்கள்” என்று நடத்தியவரிடம் சொன்னேன். “அண்ணன் முகம் மறைஞ்சுடுமே” என்றார். அண்ணன் முகம் மறையக் கூடாது, ஒரு தாயின் மானம் மறையாவிட்டால் பரவாயில்லை! இதுவா மக்கள் தொண்டு? விழிப்புணர்வு இல்லாதது யாருக்கு? அந்தப் பெண்களுக்கா, இவர்களுக்கா?

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். ஆனால் இந்தக் கைதட்டல் போய்ச் சேர வேண்டிய ஒருவர் இதே மண்டபத்தில் கடைசி வரிசையில் இருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள். பேரைச் சொன்னால் இனி உங்கள் கூட்டத்துக்கே வரமாட்டேன் என்று வாசலில் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டார். கிராம சுகாதாரச் செவிலியர். ஊரில் எல்லோருக்கும் நர்சம்மா. மலையடிவாரத்து ஊர்களெல்லாம் அவர் கால் பட்ட மண்.

அவர் ஒரு வீட்டுக்குப் போகிறார். மாமியாருக்குப் பிரஷர், அதைப் பார்க்கப் போகிறார். மருமகள் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறாள். முருங்கைத் தோட்டத்தில் வேலை செய்கிற பெண், நாற்பது வயசு இருக்கும். குடத்தைத் தூக்கும்போது இடது கையை உடம்போடு ஒட்டாமல் விலக்கி விலக்கிப் பிடிக்கிறாள். யார் கவனிப்பார்கள் இதை? நர்சம்மா கவனித்தார். அடுப்படிக்குக் கூப்பிட்டுப் போய் மெதுவாகக் கேட்டார்.

“ஒண்ணுமில்லக்கா, கட்டி மாதிரி ஒண்ணு இருக்கு. வலியெல்லாம் இல்ல.”

தாய்மார்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். வலி இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை! இந்த நோய் வலியோடு வருவது குறைவு. கட்டி தட்டுப்பட்டால், தோல் உள்ளே இழுத்துச் சுருங்கினால், காம்பு உள்வாங்கினால், காம்பில் ரத்தம் கசிந்தால், அக்குளில் கட்டி தெரிந்தால், உடனே காட்டுங்கள். பயந்து சாக வேண்டாம், இப்படிக் காட்டுகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை. ஆனால் இல்லை என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரி இல்லை. “எங்க வம்சத்துலயே யாருக்கும் இல்ல” என்று இருந்துவிடவும் முடியாது. இந்த நோய் வந்த பெண்களில் பெரும்பாலோர் வம்சத்தில் அதற்கு முன் யாருக்கும் இருந்ததில்லை.

கதைக்கு வருகிறேன். அந்த மருமகள் வரமாட்டேன் என்கிறாள். மாட்டை யார் பார்ப்பது, வீட்டுக்காரர் என்ன சொல்வார், அங்கே ஆம்பிளை டாக்டர் இருந்தால் என்ன செய்வது? நர்சம்மா உபதேசம் செய்யவில்லை. என்ன செய்தார் தெரியுமா? மாமியாரைப் பிடித்தார்! “ஆத்தா, நாளைக்கு நீங்க வாங்க. பிரஷர் பாக்கறப்பவே அதையும் பாத்துருவோம்” என்றார். கிழவி போனாள். துணை சுகாதார நிலையத்தில் ஒரே அறை. நர்சம்மா முதல் நாள் ராத்திரியே தன்னுடைய பழைய சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையை இரண்டாக மடித்துக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். கதவைச் சாத்தினார். பார்த்தார். பத்து நிமிஷம்.

கிழவி ஊருக்குத் திரும்பிப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொன்னாளாம்: “பொம்பளதான் பாக்குறா. கதவச் சாத்திப்புட்டா. சேலை வேற மறைச்சுக் கெடக்கு. இதுக்கா இம்புட்டுப் பயந்தீங்க?” மருமகளைப் பார்த்து, “நாளைக்கே போடி” என்றாளாம். அடுத்த வாரம் அந்தத் தெருவே அந்தச் சேலைக்கு முன்னால் வரிசை கட்டி நின்றது. விழிப்புணர்வு இல்லாத பெண்களாம்!

அந்த மருமகளுக்கு அது புற்றுநோய்தான். ஆரம்ப நிலை. மார்பகத்தை முழுக்க எடுக்காமலே அறுவை செய்தார்கள், மற்ற சிகிச்சைகளும் முடிந்தன. இன்றைக்கு முருங்கைத் தோட்டத்தில் காய் ஒடித்துக்கொண்டிருக்கிறாள். அவளைக் காப்பாற்றியது எது? கோடி ரூபாய் மெஷினா? முதலில் ஒரு கண், பிறகு ஒரு சேலை, அதற்குப் பிறகுதான் மெஷின்!

இங்கே விவசாயிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தக்காளித் தோட்டத்துக்குள் இறங்கியதும் என்ன செய்வீர்கள்? இலையைத் திருப்பிப் பார்ப்பீர்கள். ஒரு செடியில் இலை சுருண்டால் அன்றைக்கே பிடுங்கிவிடுவீர்கள். தோட்டம் முழுக்கச் சுருளட்டும், பிறகு மருந்துக் கடைக்குப் போகலாம் என்று காத்திருப்பவன் விவசாயியா? செடிக்கு இருக்கிற இந்த அக்கறை, சோறு போடுகிறவளுக்கு வேண்டாமா?

நர்ஸ் பார்த்தால் போதுமா, பெரிய டாக்டர் வேண்டாமா என்று கேட்பார்கள். அதற்குப் பதிலை உலகத்துக்கே சொன்னது உங்கள் மாவட்டம்! உங்களுக்குத் தெரியுமா? இதே திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நம் அம்பிளிக்கை சமுதாய மருத்துவ மையமும், அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சில் இருக்கிற சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து செய்தது. பயிற்சி பெற்ற நர்சுகள், அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணாலேயே பார்க்கும் எளிய சோதனையைச் செய்தார்கள். அந்த ஊராட்சிகளில் இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. 2007இல் லண்டன் ‘லான்செட்’ பத்திரிகையில் வந்தது. உலகத்து டாக்டர்கள் படித்தார்கள். அம்பிளிக்கைக்காரர்கள் இருந்தால் எழுந்து நில்லுங்கள், பார்க்கட்டும்!

மார்பகத்துக்கு இதே பதிலைச் சொன்னது மும்பை. டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி இருபது ஆண்டு விடாமல் பார்த்தது. குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் பரிசோதனை. செய்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களில் இந்த நோயால் இறப்பது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், 50க்குக் கீழே இறப்பில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் பரிசோதனை செய்த பக்கத்தில் நோய் முன்கூட்டியே, ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டது. பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் விரல் நுனிக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது!

இவ்வளவு இருக்க, பக்கத்து ஊரில் ஒருவர் மேடை போட்டுப் பேசிக்கொண்டு திரிகிறார். பேர் சொல்லி அவரைப் பெரிய ஆளாக்க மாட்டேன். “பாட்டி காலத்தில் புற்றுநோய் உண்டா? பரிசோதனையெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம், என் பொடியைத் தின்னுங்கள், கட்டி கரைந்துவிடும்” என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. அந்தப் பொடியை நம்பி எத்தனை பெண்கள் மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்! முதல் நிலையில் அவரிடம் போனவள் நான்காம் நிலையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். யார் பதில் சொல்வது? அவர் சொல்வாரா? அவர் அடுத்த ஊரில் பொடி விற்றுக்கொண்டிருப்பார்!

பாட்டி காலத்தில் புற்றுநோய் இல்லையாம். சரித்திரம் படித்தாரா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். சென்னை சட்டமன்றத்தில் உட்கார்ந்த முதல் பெண். அந்த வீட்டிலேயே, டாக்டர் வீட்டிலேயே, தங்கை புற்றுநோயில் இறந்தாள். முதலில் வேறு நோய் என்று வைத்தியம் பார்த்தார்கள், உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. பாட்டி காலத்திலும் புற்றுநோய் இருந்தது ஐயா! பேர் தெரியாமல் செத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்!

அந்தச் சாவை அந்த அம்மையார் மறக்கவில்லை. புற்றுநோய்க்கு ஒரு ஆஸ்பத்திரி வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் கதவு கதவாகத் தட்டினார். “புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், ஆஸ்பத்திரி எதற்கு?” என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்ட காலம் அது. பிறகு அந்த ஆஸ்பத்திரிக்கே வாழ்நாளைக் கொடுத்த டாக்டர் சாந்தா அம்மையார் வேதனையோடு நினைவுகூர்ந்த செய்தி இது. 1952இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கையோடு, குடிசைகளில் தொடங்கியது. அடுத்த ஆண்டு உள்ளே வந்த சாந்தா அம்மையார், 2021இல் கண்ணை மூடும் வரை அந்த வளாகத்தை விட்டு வெளியே வாழவில்லை.

முத்துலட்சுமி, சாந்தா. மேடைக்கு மேடை இந்தப் பேர்களைச் சொல்கிறோம், சொல்ல வேண்டும். ஆனால் அவர்களுடைய வேலையை இன்றைக்கு மலையடிவாரத்தில் யார் செய்கிறார்கள்? கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் செய்கிறார்! விருது கிடையாது, சால்வை கிடையாது. சொந்தச் சேலையைத் திரையாகக் கட்டியவருக்கு நம் ஊராட்சிகள் ஒரு துணி வாங்கித் தரவில்லை!

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் பேச மாட்டேன். 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாசற்படிக்கே வருகிறது. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. இத்தனையும் இருந்தும் பெண் எங்கே விழுகிறாள் தெரியுமா? நடுவில் விழுகிறாள்!

கட்டி இருக்கிறது என்று நர்ஸ் கண்டுபிடித்து ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார். மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலையடிவாரத்துக்குப் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. போனால் அன்றைக்குக் கூலி போச்சு. போய்ச் சேர்ந்தால் “இன்றைக்கு மெஷின் ரிப்பேர், வெள்ளிக்கிழமை வாம்மா”. வெள்ளிக்கிழமை போனால் ஊசி போட்டுச் சதை எடுக்க இன்னொரு நாள், ரிப்போர்ட் வாங்க இன்னொரு நாள். டிக்கெட் இலவசம், கூலி இலவசமா? நாலாவது தடவை அவள் போக மாட்டாள். அந்தச் சீட்டு எங்கே இருக்கும்? சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். எத்தனை வீட்டில் இருக்கிறது போய்ப் பாருங்கள்! ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்ணுக்கு 60 நாளுக்குள் என்ன நோய் என்று உறுதியாகச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிற சீட்டுக்கு எத்தனை நாள் கணக்கு?

நம் நர்சம்மா சீட்டு கொடுத்ததோடு விடுவதில்லை. நோட்டில் எழுதி வைக்கிறார். போனாளா, எடுத்தாளா, ரிப்போர்ட் வந்ததா என்று போன் போடுகிறார். முதல் தடவை தானே கூடப் போகிறார். இது அவருடைய நல்ல மனசு. நல்ல மனசை நம்பி ஒரு நாட்டின் சுகாதாரத்தை நடத்த முடியுமா? அவர் ரிட்டையர் ஆனால் அந்த நோட்டை யார் எடுப்பது?

ஆண்களே, நீங்கள் ஏன் தலையைக் குனிகிறீர்கள்? இந்த நோய் நூறு பேருக்கு வந்தால் அதில் ஒருவர் ஆண். நெஞ்சில் கட்டி வந்தால் நீங்களும்தான் காட்ட வேண்டும். உங்கள் வீட்டுப் பெண் சீட்டோடு நிற்கும்போது, “நாளைக்கு நான் மாட்டைப் பார்த்துக்கறேன், நீ போயிட்டு வா” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை பெண்கள் காத்திருக்கிறார்கள் தெரியுமா?

அக்டோபர் மாதம் வந்தால் பெரிய நகரங்களில் கட்டடங்களுக்கு இளஞ்சிவப்பு விளக்குப் போடுகிறார்கள், மார்பகப் புற்றுநோய் மாதமாம். போடட்டும். நம் ஊரில் அந்த மாதம் வேறு எதில் தொடங்குகிறது? அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள், கிராம சபை! அன்றைக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்? மேடையில் மூன்று ஊராட்சித் தலைவர்கள் இருக்கிறீர்கள், அதில் இருவர் பெண்கள். உங்கள் முகத்துக்கு நேரே கேட்கிறேன்.

ஒன்று, துணை சுகாதார நிலையத்துக்குத் திரை, சாத்துகிற கதவு. இரண்டு, வாரத்தில் ஒரு நாள் குறித்து, அன்றைக்குப் பெண் செவிலியர் மட்டும் பார்க்கிற பரிசோதனை. மூன்று, சீட்டு வாங்கிய ஒவ்வொரு பெண்ணுக்கும் ரிப்போர்ட் கைக்கு வரும் வரை கூட நிற்க ஒரு ஆள், அந்த ஆளுக்குச் சம்பளம். நான்கு, மேமோகிராம் தேவைப்படுகிற பெண்களின் பட்டியலை முன்கூட்டியே கொடுத்து, ஒரே நாளில் எல்லாச் சோதனையும் முடியும்படி ஒரு வண்டி. இந்த நான்கையும் தீர்மானமாக எழுதி, கிராம சபையில் நிறைவேற்றி, கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள், பதில் வரும் வரை கேளுங்கள்.

தலைவர் அம்மா கையைத் தூக்கிவிட்டார்! இன்னொரு அம்மாவும் தூக்கிவிட்டார். ஐயா, நீங்கள்? தூக்கிவிட்டார்! இந்தக் கைதட்டல் அவர்களுக்கு!

தாய்மார்களே, அன்றைக்குக் கிராம சபைக்கு நீங்கள் வர வேண்டும். பின்னால் நிற்காதீர்கள், முன்னால் வந்து உட்காருங்கள். “எங்க ஊருக்குத் திரை எங்கே?” என்று எழுந்து நின்று கேளுங்கள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்து கேளுங்கள். கேட்கும் வரை எவனும் தரமாட்டான், கேட்டால் எவனும் மறுக்க முடியாது!

அக்டோபர் 2, காலையில் கிராம சபை. மறந்துவிடாதீர்கள்.